கபடிக்கு முன்னால் ஒரு சொம்பு கூழ்

இன்று திண்டிவனத்தில் நான் சத்தமாகக் கத்தினேன்!

(என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.)

விழுப்புரத்திலிருந்து எங்கள் பெண்கள் கபடி டீம் போயிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு இருக்கிற ஒரே கூட்டம் இதுதான்.

ஆனால் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. நான் "கபடி கபடி" என்று பாடினால் நடுவருக்குக் கேட்காது. அதனால் எப்போதும் சப்ஸ்டிடியூட்!

இந்தப் போட்டியில் எங்களுக்கு ஐம்பது கிலோ எடைப் பிரிவு; அதைத் தாண்டினால் ஆட முடியாது. அதனால் கேப்டன் பவானி அக்காவும் மற்றவர்களும் நேற்று இரவிலிருந்து பட்டினி. தண்ணீர்கூடக் கிடையாது!

எடை பார்த்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை நிறுக்கிற தராசில். (நாங்களும் மூட்டை மாதிரியே ஏறி நின்றோம்.)

நான் எலும்பும் தோலும். எனக்கென்ன பயம்? காலையில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ், உப்பு மோர், கடிக்க வெங்காயம். பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வேறு.

"இன்னாடி, மேட்ச்சுக்கு வர்றியா, கூழ் ஊத்தற திருவிழாவுக்கு வர்றியா?" என்றார் பவானி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

எடை முடிந்ததும் அக்காவிடம் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம்டி. வயிறு கனத்துக்கினா ஓட முடியாது."

அப்படி ஒரு வெயில்! முதல் பாதியிலேயே அக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ், பவானி அக்காவை நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டார்.

"கடைசியா எப்ப சாப்ட்ட?"

"நேத்து மத்தியானம்..."

"நல்லா இருக்குது! வேர்த்தாதாம்மா உடம்பு சூடு எறங்கும். தண்ணியும் இல்ல, உப்பும் இல்லன்னா அது எப்பிடி வேர்க்கும்? சோறே இல்லாம கால்ல தெம்பு எங்கேர்ந்து வரும்? பட்டினி கெடந்துக்கினு இந்த வெயில்ல ஓடறீங்களே!"

என் பாட்டிலை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். சற்று நேரத்தில் அக்கா கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"இங்க நீ ஒருத்திதான் தெம்பா கீற. எறங்குடி."

"அக்கா, எனக்குச் சத்தம் வராதுக்கா..."

"ஒரு சொம்பு கூழ் உள்ள போச்சில்ல? வரும். ஜல்தி போ!"

போனேன். வேர்த்துக் கொட்டியது. (வாழ்க்கையில் முதல்முறையாக வேர்வையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்!)

கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினேன் பாருங்கள், "கபடி கபடி கபடி!"

"யாருடி இவ, மைக்க முழுங்கிட்டாளா?" என்று எதிர் டீம் பெண் திகைத்து நின்றாள். அவள் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஒரே ஓட்டம்.

பாயிண்ட்!!!

மேட்ச்சில் தோற்றுவிட்டோம். (டீமே பட்டினி. நான் ஒருத்தி குடித்த கூழ் எவ்வளவுதான் தாங்கும்?)

பஸ்ஸில் அக்கா சொன்னார்: "நான் இனிமே பெரிய எடைப் பிரிவுல ஆடிக்கறேன். வயித்தக் காயப்போட முடியாது. என் எடத்துல நீ ஆடு."

நான்! முதல் ஏழு பேரில்!

கத்தியதில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகிறது, ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

இன்னும் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை!