குளத்துப் படியில் கேட்ட குரல்

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே என் குரல் போய்விட்டது. "சேலத்திலிருந்து வந்திருக்கும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வெறும் காற்றுதான் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் செல்வி மைக்கை வாங்கி மீதியைச் சொல்லி முடித்தாள். சளியாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பங்குனி பிறந்தும் சரியாகவில்லை.

சனி பகவானை நம்பி வாழ்கிறவர்களே, என் பெயர் தனலட்சுமி. திருநள்ளாற்றில் குளத்துக்குப் போகிற வழியில் இருக்கும் தகவல் மையத்தில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். தினமும் சொல்லவேண்டிய விஷயங்களை மட்டும் முன்பே என்னைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கழற்றிய துணிகளைக் குளத்தில் விடாதீர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், படிகள் வழுக்கும். இதெல்லாம் நான் வேலையில் இல்லாத நேரத்திலும் ஒலிபெருக்கியில் ஓடும். நல்ல கணீரென்ற குரல். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சிரிக்காதீர்கள், அந்தக் குரலை நினைத்து எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் கணவர் முருகையன் குரும்பகரத்தில் நெல் அறுப்பு மிஷின் ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். சோறு நடுவில் இருக்கிறது, குழம்பு சூடாக இருக்கிறது, வாசலில் சைக்கிள் நிற்கிறது என்று நான் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு வீடு தெரியும்.

குரல் போன பிறகு அவர் காதருகே போய்க் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தேன். முதல் நாள், "சாப்பிட வாங்க" என்றேன். தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"யாரு? யாரும்மா அது?"

அவர் கையைப் பிடித்தேன். "எங்க அம்மா கடைசியா இப்புடித்தான் பேசுச்சு, தனம். அது வந்துட்டுன்னு நெனச்சேன்" என்றார். என் மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கிசுகிசுத்தால் எல்லோர் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு வளையலை ஆட்டிப் பார்த்தேன். ஒரு தடவை குலுக்கினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை என்று அவரே ஏற்பாடு செய்தார். ஆனால் பக்கத்து வீட்டுச் சுமதி பாத்திரம் துலக்கினாலும் வளையல் சத்தம் வரும். நான் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் அவர் அந்தச் சத்தத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், யாரும் இல்லாத அறையில் ஆளோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் காற்று எங்கள் பக்கம் வீசினால் ஒலிபெருக்கி வீட்டுக்குள் கேட்கும். நான் அடுப்படியில் ஊமையாக நிற்பேன். தெருவில் நான் பேசிக்கொண்டிருப்பேன். செத்துப்போனவள் தன் வீட்டைச் சுற்றி வருவதுபோல இருக்கும் எனக்கு.

இன்னொரு பயமும் இருந்தது. என் அப்பா தொண்டைப் புற்றில் இறந்தவர். அவருக்கும் முதலில் குரல்தான் கம்மியது. அதனாலேயே மருத்துவரிடம் போகாமல் நாளைக் கடத்தினேன். மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்தேன். தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தேன். சனிக்கிழமை விரதத்தையும் விடவில்லை. என் கணவருடைய கண்ணுக்காக வேண்டிக்கொண்ட விரதம் அது. பகல் முழுக்கப் பட்டினி, வேலை முடிந்து வந்து வயிறு முட்ட எள்ளுச்சோறு, அப்படியே படுக்கை. நெஞ்சு எரியும். எரிந்தால் எரியட்டும், விரதம் என்றால் சும்மாவா என்று இருந்துவிடுவேன்.

சந்நிதியில் நின்று சண்டையே போட்டேன். "இவருக்காகத்தானே பட்டினி கிடந்தேன்? கண்ணையும் குடுக்கல, இருந்த குரலையும் எடுத்துக்கிட்டியே, இது நியாயமா?" என்று மனதுக்குள் கத்தினேன். பதில் ஒன்றும் வரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கடைசியில் செல்வி திட்டிய திட்டில், பங்குனிச் சனிக்கிழமை ஒன்றில் காரைக்காலுக்குப் பஸ் ஏறினேன். நான் போகிற விஷயத்தை எனக்காகச் சுமதிதான் என் கணவரிடம் சொன்னாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண். மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். நான் கண்ணை மூடி அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்கம்மா. கட்டி எதுவும் இல்ல. குரல் நாண் ரெண்டும் செவந்து வீங்கிப்போயிருக்கு. சளி புடிச்சதோட விடாம கத்தியிருக்கீங்க. பட்டினி கெடந்து, நெறைய சாப்பிட்டு உடனே படுத்தா, வயித்துல உள்ள புளிப்பு மேல ஏறி நாணப் புண்ணாக்கும். எப்புடி ஆறும்?" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இடி. "பேசவே கூடாது. கிசுகிசுன்னும் கூடாது, அது இன்னும் கெடுதல். செருமக் கூடாது. தண்ணி நெறைய குடிங்க, ஆவி புடிங்க. அப்புறம் வந்து காமிங்க."

புற்று இல்லை என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறினேன். கிசுகிசுப்பும் கூடாதென்றால் அவரிடம் எப்படிப் பேசுவது என்ற கவலையோடு இறங்கினேன். வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அவர் இல்லை. கைத்தடியும் இல்லை.

தனியாகத் தெருமுனையைத் தாண்டாத மனுஷன். சுமதியிடம் ஓடிச் சைகை காட்டினேன். அவள், "தலவலி மாத்திரையாக்கா?" என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். சனிக்கிழமைக் கூட்டம். எண்ணெய் வழிகிற தலைகளாக எங்கே பார்த்தாலும் ஜனம். வாயைத் திறந்து அவர் பெயரைக் கத்தினேன். மருத்துவர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. ஒரு சத்தமும் வரவில்லை. ஊரார் வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்துவைத்தவள், என் ஆளைக் கூப்பிட வழியில்லாமல் நின்றேன்.

தகவல் மையத்துக்குப் போய்த் தடி ஊன்றி நடப்பதுபோல் காட்டியதும் செல்விக்குப் புரிந்துவிட்டது. "முருகையன் அண்ணே, எங்க இருந்தாலும் அங்கயே நில்லுங்க" என்று மைக்கில் சொன்னாள். அவள் குரல் கூட்டத்துக்கு மேல் போயிற்று. அவரைப் பார்த்ததாக யாரும் வந்து சொல்லவில்லை.

நான் குளத்துப் பக்கம் ஓடினேன். "பகவானே, ஒரே ஒரு தடவ என் குரலக் குடு. அவரக் கூப்பிட்டுக்கிறேன். அப்புறம் நீயே வச்சுக்க, நான் கேக்கவே மாட்டேன்" என்று வேண்டினேன். அந்த நேரத்தில் குளத்தங்கரைக் கம்பத்தில் என் குரல் பேசியது.

"படிகள் வழுக்கும். அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்."

குரல் வந்த பக்கம் திரும்பினேன். அந்தக் கம்பத்தின் நேர் கீழே, மேல்படியில், அவர் உட்கார்ந்திருந்தார். தடியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை மேலே தூக்கியிருந்தார். அடுத்த படியில் பாசியும் எண்ணெயும் பளபளத்தன. அதற்குக் கீழே தண்ணீர்.

தோளைத் தொட்டேன். "சத்தம் போடாம வந்து நிக்கிறது நீதானே?" என்றார். வளையலை ஒரு தடவை குலுக்கினேன்.

"பதிவு பண்ணதுன்னு தெரியும், தனம். நான் ஒண்ணும் புத்தி பேதலிச்சுப் போயிடல. எத்தன நாளாச்சு உன் பேச்சக் கேட்டு? கிட்டக்கப் போயிக் கேக்கலாம்னு வந்தேன். கால எடுத்து வைக்கப் போனேன், படி வழுக்கும்னு சொன்ன. அப்புடியே உக்காந்துட்டேன்."

நான் அங்கேயே அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். குரலைக் கொடு என்று நான் கேட்பதற்கு முன்பே அது அவர் பக்கத்தில் நின்றிருக்கிறது. வேண்டுதலுக்கு இப்படியும் பதில் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். குளித்து எழுந்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நாங்கள் குளிக்கவில்லை, ஆனாலும் நான் திரும்பிப் பார்க்காமல்தான் அவரை நடத்திக்கொண்டு வந்தேன். பின்னால் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

பிறகு மருத்துவர் சொன்னபடியே வாயைக் கட்டினேன். "நீ பேசாத, நான் பேசுறேன்" என்று அவர் எனக்கும் சேர்த்துப் பேசினார். பட்டினி விரதத்தைச் சந்நிதியிலேயே முடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை காலையில் மௌனம் இருப்பதாக வேண்டிக்கொண்டேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை. சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் எள்ளுச்சோற்றைக் கொல்லையில் வைத்தேன். காக்கையைப் பார்த்ததும் பழக்கத்தில் "கா... கா..." என்றேன். சத்தம் வந்தது. கரகரவென்று, யாரோ புதுப் பொம்பளை கூப்பிடுவதுபோல.

உள்ளேயிருந்து அவர் கேட்டார். "யாரு?"

"நான்தாங்க" என்றேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்தார். பிறகு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

பழைய கணீர் முழுதாகத் திரும்பவில்லை. மையத்தில் புதிதாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டார்கள். குளத்தங்கரை அறிவிப்பை மட்டும் மாற்றவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன். அது இப்போது என் குரல் இல்லை. பகவான் வாங்கி வைத்துக்கொண்டது.

அன்புள்ளவர்களே, அவருக்குக் கண் இன்னும் வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குத் தொண்டை கம்மி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால் என்னைப்போல் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடமும் போங்கள், சாமியிடமும் போங்கள். பதில் வரவில்லையே என்று நீங்கள் அழுகிற நேரத்தில், அது உங்களுக்கு முன்னால் போய் எந்தப் படியில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இப்போதும் சனிக்கிழமை காலையில் நான் வாய் திறக்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவர் பக்கத்தில் இருப்பார். காற்று திரும்பும்போது குளத்துப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வரும். கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள் என்று அது சொல்லி முடித்ததும், "சரிம்மா" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வார்.