கோல்ஃப் வண்டிக்கு வேகம் கூட்டிய எட்டு மாதங்கள்

கோல்ஃப் வண்டிக்கு வேகம் கூட்டுகிற தொழிலில் வண்டி சத்தமில்லாமல் ஓடும். சத்தமெல்லாம் வீட்டுக்குள்தான், அதில் நித்திரை கெடுவது வீட்டுக்காரிக்கு. புருசனுடைய இரண்டாவது வேலைக்குச் சம்பளமில்லாமல் ரெலிபோன் எடுக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்வது விளங்கும். பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கொதிக்கிற சுவர்

மிச்சம் என்கிற இந்த இங்கிலிஷ் ஊரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் குசினியோடு ஒட்டி ஒரு கராஜ் உண்டு. ஒருநாள் இருட்டின பிறகு அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் உலை கொதிப்பதுபோல் ஒரு சத்தம். அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன் என்று ஓடினேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. இரண்டு வயது ஆரணியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு றோட்டுக்கே வந்துவிட்டேன். பிறகுதான் இவர் வந்து, சார்ஜ் ஏறும்போது பற்றரித் தண்ணி அப்படித்தான் கொதிக்கும், போய்ப் படும் என்றார்.

இவருக்குப் பகலில் பெற்றோல் ஸ்டேஷன் வேலை. பின்னேரத்தில் கூட்டாளி சிவம் அண்ணையோடு கராஜ். அண்ணை ஊரில் தண்ணீர்ப் பம்ப் மோட்டர் திருத்தியவர். ஆறு பற்றரியில் ஊர்கிற வண்டிக்கு ஏழாவதையும் எட்டாவதையும் சேர்த்துக் கட்டுவதுதான் இவர்களுடைய வித்தை. கட்டினால் அது சைக்கிளை முந்தும். வெள்ளிக்கிழமைகளில் நான் அறை அறையாகச் சாம்பிராணி காட்டுவேன். தொழில் நடக்கிற இடமாயிற்றே என்று கராஜுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டி வந்தேன். ஒருநாள் அதை நான் சொல்லக் கேட்டதும் சிவம் அண்ணை கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அந்தப் பற்றரியிலயிருந்து வாற காத்து நெருப்புப் பிடிக்கும். சாம்பிராணியைச் சாமிக்கு மட்டும் காட்டுங்கோ, இல்லாட்டி நாங்கள் எல்லாரும் சாமியிட்டப் போயிடுவம்."

நிற்கத் தெரிந்த மனிதர்

கொன்வென்டில் சிஸ்டர்மார் எனக்குச் சொல்லித்தந்தது மன்னிப்புக் கேட்கிற இங்கிலிஷ். ஆனாலும் வீட்டில் இங்கிலிஷ் வாய் எனக்குத்தான் என்று ரெலிபோன் என் தலையில் விழுந்தது. இவர் கடதாசியில் கேள்விகளை எழுதித் தருவார், நான் பாடம் ஒப்புவிப்பதுபோல் கேட்பேன். மூன்றாவது கேள்வி எப்போதும் பிரேக் பற்றியது. இந்த வண்டிகளுக்குப் பின் சில்லில் மட்டும்தான் பிரேக். வேகத்தைக் கூட்டினால் அதையும் மாற்ற வேண்டும், அது தனி வேலை.

ஒரு வயதான வெள்ளைக்காரர், கோல்ஃப் திடலில் தன் சிநேகிதனுடைய வண்டியை முந்த வேண்டும் என்று ரெலிபோன் எடுத்தார். பிரேக்கைப் பற்றி இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நிற்க எனக்குத் தெரியும், மிஸிஸ். போவதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன்."

சட்டையில் ஓட்டை

மழைக்காலத்தில் பிள்ளையின் உடுப்புகளைக் கராஜில் கொடி கட்டிக் காயப்போட்டேன். பற்றரி அசிட் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் தெறித்திருக்கிறது. அடுத்த தோய்ப்பில் சட்டையெல்லாம் கடுகு கடுகாக ஓட்டை. உடம்பில் பட்டிருந்தால் என்று நினைத்து, அன்றிரவு ஆரணியின் முதுகை லைட்டுக்குக் கீழே வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன்.

அந்தக் கிழமைதான் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் நேர்ஸ் வந்தார். இங்கே பிள்ளைக்கு வீடு சரியில்லை என்று எழுதிவிட்டால் பிள்ளையையே கொண்டுபோய்விடுவார்கள் என்று எங்கள் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவர் சட்டையை விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பூச்சி அரித்தது என்று சொன்னேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். அவர் கோபிக்கவில்லை. சட்டையை அழகாக மடித்துத் தந்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

"இந்தப் பூச்சி எங்கே இருக்கிறது என்று அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறேன்."

ஆறு கிழமை

பிரேக் வேண்டாம் என்ற மனிதர் வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கூரை நசுங்கியிருந்தது. இறக்கத்தில் திருப்பும்போது பிரண்டுவிட்டதாம். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவி. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பொலிஸ், வழக்கு, செவ்வாய்க்கிழமை என்று எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் வந்தது. சிஸ்டர்மார் தந்த மன்னிப்பு வசனங்களை எடுத்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எலும்பு சேர ஆறு கிழமையாம். அதற்குள் இன்னொரு பற்றரி பூட்ட முடியுமா?"

அன்றிரவு இந்த வேலையை விடுங்கள் என்று இவரிடம் அழுதேன். நாங்கள் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள் என்றார்.

நாலு எலுமிச்சம்பழம்

இது போன சனிக்கிழமை, நேர்ஸ் வருவதாகச் சொன்ன செவ்வாய்க்கு மூன்று நாள் முன், நல்ல வெய்யில். வாடிக்கையாளர் பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் மலேசியத் தமிழர், கணக்காளர், மிகவும் மரியாதையானவர். பற்றரி புதிது என்றால் வண்டியும் புதிதுதான் என்று சிவம் அண்ணை கராஜுக்குள் நின்ற வண்டியின் நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். கணக்காளர் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் குங்குமத் தட்டோடு, கராஜுக்குள் திறக்கிற குசினி வாசலில் நின்றேன்.

மற்ற வாகனம் என்றால் என்ஜின் உறுமும், பிள்ளை பயந்து விலகும். இது செத்ததுபோல் நின்றது. பின்சில்லுக்குக் கீழே இருந்த மஞ்சள் பழத்தை எடுக்க ஆரணி குனிந்ததை நான் மட்டும்தான் கண்டேன். வண்டியை மெல்ல எடுங்கோ என்றார் அண்ணை, கணக்காளர் பெடலை மிதித்தார். லீவர் ரிவர்ஸில் கிடந்தது ஒருவருக்கும் தெரியாது. கூட்டின வேகம் பின்பக்கத்துக்கும் சேர்த்துத்தான் கூடும் என்பதையும் ஒருவரும் யோசிக்கவில்லை. தட்டு எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பாய்ந்து அவளுடைய சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தேன். வண்டி பிள்ளை நின்ற இடத்தால் போய்ச் சுவரில் மோதி, மூன்று கல் பெயர்ந்து விழுந்தது. பழத்துக்காக ஆரணி அழுதாள். அவளுடைய சப்பாத்தில் எலுமிச்சம் புளி தெறித்திருந்தது.

இவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அண்ணை நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். பிள்ளை அங்கே நின்றதைக் காணாத கணக்காளர் இறங்கி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, எங்களை ஆறுதல்படுத்துவதற்காகச் சிரித்தார்.

"பரவாயில்லைங்க, ரிவர்ஸும் நல்லாவே ஓடுது."

நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கராஜில் பிளக் இல்லை. சார்ஜருக்கு வயர் என் குசினியிலிருந்து அந்தக் கதவிடுக்கால்தான் போகும், எட்டு மாதமாகக் கதவு முழுதாகச் சாத்தியதே இல்லை. இந்தத் தொழிலில் நான் என் கையால் செய்த ஒரே திருத்த வேலை, அந்த வயரைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுக் கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டதுதான்.