ஞாயிறு பின்னேரம் ஒரு வெறுங்கட்டம்

சனிக்கிழமை பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் சிவபாதசுந்தரம் ஒரு பழுப்புக் கடதாசியை மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்துக் கோடு போடத் தொடங்குவார். வாற ஏழு நாளுக்கும் கட்டங்கள் அமைந்ததும் இரண்டு பென்சில்கள் வெளியே வரும். நீலம் கடமைக்கு, சிவப்பு ஓய்வுக்கு. ஓய்வையும் மனுஷன் சும்மா விட்டுவிடுவதில்லை. 'ஓய்வு: பத்திரிகை', 'ஓய்வு: கடற்கரை', 'ஓய்வு: மனைவியுடன் உரையாடல்' என்று அதற்கும் ஒவ்வொரு வேலை கொடுத்துவிடுவார். பிறகு கடதாசியைச் சமையல் நடக்கும் குசினியின் கதவில் குத்திவிட்டு, "அப்பாடா, வாற கிழமை முடிஞ்சுது" என்பார். வராத கிழமை அவருக்கு அப்போதே முடிந்துவிடும்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. கோட்டையில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். நெடிய, ஒல்லியான உடம்பு. முதுகுக்குப் பின்னால் யாரோ அவசரப்படுத்துவதுபோல நடை. செவ்வாய்க்கிழமை என்றால் கத்தரிக்காய்தான். சந்தையில் பயிற்றங்காய் எத்தனை மலிந்தாலும் அது வெள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டும். சோளகக் காற்று மழையோடு தொடங்கும் வைகாசி மாத முதலாந் திகதி குடையை எடுத்தால், வானம் வெளுத்திருந்தாலும் கையில் குடைதான். அடுத்த வீட்டுப் புடைவைக்கடை இஸ்ஸதீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மழைக்கும் டைம் எழுதிக் குடுத்தீக்கிறீங்களா, ஐயா?" என்று கேட்பார். சிவபாதசுந்தரம் கோபித்துக்கொள்ள மாட்டார். அண்ணன் முறை வைத்து, "ஒழுங்கெண்டால் ஒழுங்கு, நானா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்தப் பழக்கம் வந்த இடம் சமறி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலியாணமாகாத கிளாக்கர்மார் கூடி வாடகைக்கு எடுத்து, சமையற்காரனும் வைத்துக் காலந்தள்ளும் வீட்டுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். பாமன்கடையில் இருந்த அந்த வீட்டில் குளிக்க ஒரே ஒரு பைப். குளிக்கிற முறை, சந்தைக்குப் போகிற முறை, பத்திரிகை வாசிக்கிற முறை எல்லாவற்றையும் எழுதி ஒட்டியவர் இவர். அத்தனை பேரையும் கட்டி மேய்த்த கை. அவர் இல்லாவிட்டால் பாதிப்பேர் குளிக்காமல்தான் கந்தோருக்குப் போயிருப்பார்கள் என்று பழைய கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கலியாணமாகி, நாகேஸ்வரியைக் கூட்டிவந்து தனி வீடு எடுத்தபோது அந்தக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டே பேர் இருக்கும் வீட்டில், தான் குளித்து உடுத்தி முடித்த பிறகும், குளியலறைக் கதவைத் தட்டி, "இஞ்சரும், உம்முடைய நேரம் முடிஞ்சுது" என்பார். உரையாடலுக்குரிய நேரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார்.

"ம், கதையும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஏதாவது. இப்ப அதுக்குத்தானே நேரம்."

தேங்காய் துருவும்போது அவளுக்கு ஆயிரம் கதை வரும். அப்போது இவர் பத்திரிகைக்குள் இருப்பார். பாவம், அன்பில்லாத மனுஷன் என்று யாரும் சொல்ல முடியாது. அவளோடு கதைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அதற்கென்று ஒரு கட்டமே போட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, அவளுடைய தமையன் பாலசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு மெயில் ரயிலில் வந்து இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் படலையைத் திறந்தார். கையில் ஒரு பை மாம்பழம். நாகேஸ்வரி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். சிவபாதசுந்தரத்துக்கும் சந்தோஷம்தான். தேத்தண்ணி கொடுத்தார், சுகம் விசாரித்தார். பிறகு குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை பின்னேரம் எண்டால் ஆறுதலாய்க் கதைக்கலாம், அத்தான்" என்றார்.

மனதாரச் சொன்னார், அதுதான் கொடுமை. பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே எழுந்து, கொட்டாஞ்சேனையில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சனிக்கிழமையும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாகேஸ்வரி கட்டிலின் கீழே கிடந்த றங்குப் பெட்டியை இழுத்துச் சேலைகளை அடுக்கினாள். "திங்கட்கிழமை அண்ணையோடை மெயிலிலை போறன்" என்றாள்.

"எப்ப திரும்பி வாறீர்?" கேட்கும்போதே அவர் கை பென்சிலைத் தேடியது.

"அதைக் கேக்காதேங்கோ. வருவனோ எண்டே எனக்குத் தெரியேல்லை. என்ரை கூடப்பிறந்தவருக்கு ஒரு வாய் சோறு குடுக்க எனக்கொரு நேரமில்லாத வீடு இது."

சிவபாதசுந்தரம் பயந்துபோனார். பெரிய துரை கூப்பிட்டு ஏசினாலும் அசையாதவர் அவர். வேறொன்றும் செய்யத் தெரியாமல் பழுப்புக் கடதாசியை விரித்தார். கோடு போட்டார், நீலமிட்டார், சிவப்பிட்டார். ஞாயிறு பின்னேரத்தை மட்டும் தொடவில்லை.

"இஞ்சரும், இது உமக்கு."

"இதுக்கை ஒண்டுமில்லையே?"

"அதுதான். நாளைக்குச் சும்மா இருக்கலாம். என்ன செய்யப் போறம் எண்டு காலமைச் சாப்பாட்டுக்கு முன்னம் சொன்னீரெண்டால்..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "முன்னமே சொன்னால் பேந்து அது என்ன சும்மா?" என்றாள். ஆனாலும் பெட்டியில் வைத்த சேலை ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவர் ஆயத்தமாக இருந்தார். கடற்கரை என்பாளோ, கோயில் என்பாளோ, கொட்டாஞ்சேனைக்குப் போவோம் என்பாளோ? எதற்கும் இருக்கட்டும் என்று மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டைப் போட்டு, சப்பாத்தும் மாட்டிக்கொண்டு நின்றார். நாகேஸ்வரி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கூடத்தில் பாயை விரித்தாள். தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்துவிட்டாள்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். பத்திரிகையை எடுத்தார், அதுவும் ஒரு வேலையாயிற்றே என்று வைத்துவிட்டார். காகம் கத்தியது. கடலோரம் ரயில் ஒன்று போனது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இத்தனை பலம் வேண்டுமா என்று அவருக்கு வேர்த்தது. இவள் இப்படித்தான் தன் நேரத்தை வைத்திருக்க ஆசைப்பட்டாளா? இவ்வளவுதானா? இதைக் கொடுக்கவா தனக்கு இத்தனை காலம் தெரியாமல் போயிற்று? வெட்கமாக இருந்தது அவருக்கு.

படலையில் இஸ்ஸதீனின் குரல் கேட்டது. ஞாயிறு தோறும் இருவரும் சேர்ந்துதான் கடற்கரைக்கு நடப்பார்கள்.

"என்ன ஐயா, கடலுக்குப் போவல்லியா?"

சிவபாதசுந்தரம் நுனிக்காலில் போய், "மெல்லமாய்" என்று கையைக் காட்டினார். "இண்டைக்கு இல்லை, நானா."

"ஏன், என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்லை."

இஸ்ஸதீன் அவரை மேலுங்கீழும் பார்த்துவிட்டுத் தனியாக நடந்தார். சிவபாதசுந்தரம் உள்ளே வந்தார். சப்பாத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, போட்ட கோட்டோடு வெறுஞ்சீமெந்தில் அவளருகே மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணைத் திறக்காமலே நாகேஸ்வரி சற்று ஒதுங்கி, பாயில் அவருக்கு இடம் விட்டாள்.