ஒரே எண்ணில் இரண்டு எடை

"கொழுந்து பறிக்கறவ புள்ளை நீ. கம்ப்யூட்டரப் பாத்து வாங்கறதுக்கு உனக்கென்னம்மா தெரியும்?" என்று தலைமை எழுத்தர் கேட்டார். வேலந்தாவளத்துக்காரர். சின்னக்கானலில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசில் அவர் சொன்னதுதான் நடக்கும். ஆனால் நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்திருந்ததால், மேனேஜர் என்னையும் அவரோடு கோயம்புத்தூருக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

கேட்கத்தான் ஆளில்லை. ஆபீசில் எல்லோரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். என் கிளாஸ் ஜன்னல் கட்டையில் ஆறிக்கிடக்கும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போனால், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்கள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, 'நீங்க' என்பார்கள்.

எஸ்டேட்டுக்கு வேண்டியது, பல எழுத்தர்கள் ஒரே சமயத்தில் கொழுந்து எடையைப் பதியக்கூடிய ஒரு கம்ப்யூட்டர். இரண்டு கம்பெனிகளின் மெஷின்களைப் பார்த்தோம். முதலாவதில் நான்கு திரைகள். தட்டுவதற்குள் பதில் வந்தது. தலைமை எழுத்தருக்கு வாயெல்லாம் பல்.

நான் ஒரு திரையில் உட்கார்ந்தேன். விற்பனைக்காரரை அடுத்த திரையில் உட்காரச் சொன்னேன். ஒரே தொழிலாளியின் எண்ணில், ஒரே நேரத்தில், நான் பன்னிரண்டு கிலோ போட்டேன். அவர் ஒன்பது போட்டார். கூட்டிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது. என் பன்னிரண்டைக் காணோம்.

"ஒருத்திக்கு ரெண்டு எடத்துல எடை எப்படியம்மா வரும்? ஒடம்பு ரெண்டா?" என்று தலைமை எழுத்தர் சிரித்தார். விற்பனைக்காரரும் சிரித்தார்.

"வரும் சார். பிள்ளை பெத்து வந்தவளுக்கு கிலோ கொறஞ்சா, வேற டிவிஷன்ல இருக்க அக்கா தங்கச்சி தாங்க பறிச்சதுல கொஞ்சத்த அவ நம்பர்ல போடச் சொல்லுவாக. என் தம்பி பொறந்தப்ப எங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் அப்பிடித்தான் வந்துச்சு."

சிரிப்பு நின்றது. அதன் பிறகு விற்பனைக்காரர் விலைப் பட்டியலைத் தலைமை எழுத்தரிடம் மட்டுமே காட்டினார். மதியம் அவர்கள் இருவரும் ஓட்டலுக்குப் போனார்கள். நான் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டேன்.

இரண்டாவது மெஷினுக்குத் திரை இரண்டே. அரவை மில் போலச் சத்தம். அதே சோதனையைச் செய்தேன். நான் முடிக்கும்வரை அடுத்த திரை காத்திருந்தது. பிறகுதான் ஒன்பதை வாங்கிக்கொண்டது. மொத்தம் இருபத்தொன்று.

உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். மலை ஏறி முடியும்வரை அவர் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். முதல் மெஷினையே வாங்கலாம் என்று டைப் அடித்திருந்தது. கீழே 'சோதித்தவர்' என்று போட்டு என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"போடும்மா. மேனேஜருகிட்டக் குடுக்கோணும்."

"நான் குடுத்துட்டேன் சார்."

எட்டு மணிக்கே வந்து, இரண்டு சோதனைகளையும் எழுதி, இரண்டாவது மெஷின்தான் வேண்டும் என்று கையெழுத்திட்டு, மேனேஜர் கையிலேயே கொடுத்திருந்தேன்.