ரெண்டு மாத்திரை, நாலு காபி, மூணு குத்து

“வலது கையா, இடது கையா? உங்களுக்கு எந்தக் கை செல்லம்?” என்று கேட்பார் ஊசியக்கா. வந்தவர் யோசித்து வாயைத் திறப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும், பஞ்சும் ஒட்டியாகியிருக்கும். “அவ்வளவுதாங்க. போய் நல்லா சாப்பிடுங்க.” எழுந்தவர் ஏமாந்த மாதிரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முதல் நாற்காலி அவர் பொறுப்பு. காலை ஆறரைக்குக் கதவு திறக்கும். வருகிறவர்கள் எல்லாம் வெறும் வயிறு. காபிகூட இல்லாமல் உர்ரென்று உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒளிந்துகொள்ளும் நரம்பை இரண்டு விரலால் தட்டி, “வா ராசா, வெளிய வா, உன்னைத்தான்” என்று கொஞ்சுவார். குழாயில் ஒட்டிய சீட்டை மூன்று தடவை சத்தமாகப் படிப்பார். ஏன் என்று கேட்டால், “பேரு மாறிச்சுன்னா உங்க கொழுப்பு அடுத்தவங்களுக்குப் போயிடும், பரவாயில்லையா?” என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

இப்படி அடுத்தவர் குழாயை மூன்று தடவை படிக்கிற மகராசி, தன் வாயில் போட்டுக்கொண்ட மாத்திரையின் டப்பாவை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அதுதான் வேடிக்கை.

அவர் வீட்டுக்காரர் புதிதாக உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். போனது ஒன்பது நாள்; வாங்கியது ஒரு டப்பா எனர்ஜி மாத்திரை. பத்தாம் நாள் அவர் போர்வைக்குள் திரும்பிவிட, டப்பா அலமாரியில் அநாதையாக நின்றது. விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, நாள் முழுக்க ஊசி போடுகிற அக்கா, “வீணாப் போகுதே” என்று எடுத்துக்கொண்டார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

முதல் வாரம் அமர்க்களம். வீட்டில் மின்விசிறியின் இறக்கைகூடப் பளபளத்தது. அடுத்த வாரம் நெஞ்சு படபடத்தது, படுத்தால் தூக்கம் வரவில்லை. தூக்கம் இல்லாததால் அசதி, அசதிக்கு மாத்திரை. வழக்கமான நாலு காபியையும் விடவில்லை. “அது மாத்திரை, இது காபி. ரெண்டையும் எதுக்குக் கூட்டணும்?” என்பது அவர் வாதம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் சர்க்கரை பார்க்க வந்தார். தனியாக வரவில்லை. மாதா மாதம் பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூட்டிக்கொண்டு வருவது அந்த அம்மாவின் வழக்கம். “என் மருமக குத்தினா குத்தினதே தெரியாது, பாருங்க!” என்று பெருமையாகக் கையை நீட்டினார்.

முதல் குத்து தவறியது. அக்காவின் விரல் நுனி நடுங்கியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் மாமியார் ‘ஆ’ என்று அலற, பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டாம் நாற்காலியில் ரத்தம் எடுக்கும் வழுக்கைத்தலைக்காரர் எழுந்து வந்து எடுத்தார். மாமியார் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்: “பிடிக்கலைன்னா வாயால சொல்லும்மா, ஊசியால சொல்லாத!”

கூடமே குலுங்கியது. அக்கா மட்டும் கழிப்பறைக்குப் போய் அழுதார். இருபது வருஷத்தில் ஒரு கையையும் அவர் மூன்று முறை குத்தியதில்லை.

கூடத்து டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டு நாடி பிடித்துப் பார்த்தார், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தும் காட்டினார். “ஒரு மாத்திரையில இருநூறு மில்லிகிராம் காஃபின். கிட்டத்தட்ட ரெண்டு காபி. நல்லா இருக்கிற பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நானூறு வரைக்கும்தான். அதை நீ மாத்திரையிலயே முடிச்சிட்ட. அதுக்கு மேல நாலு காபி வேற! கை ஆடாம என்ன பண்ணும்? கையாவது பரவாயில்ல, சில பேருக்கு நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாயிடும். டப்பாவை இங்கயே வச்சுட்டுப் போ.”

டப்பா போயிற்று. நாலு காபி வாரத்துக்கு ஒன்று வீதம் குறைந்து, ஒரு நாளைக்கு இரண்டில் நின்றது. முதல் சில நாள் தலைவலி உயிரை வாங்கியது. “தலையைக் கழட்டி வீட்டிலயே வச்சுட்டு வந்துடலாம்னு இருக்கு” என்று வழுக்கைத்தலைக்காரரிடம் புலம்பினார். பிறகு தூக்கம் வந்தது. வந்த வேகத்தில் பஸ்ஸிலேயே அசந்து, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தார். கை பழையபடி கல்லாக நின்றது. வரிசைக்காரர்கள் மறுபடியும் ஏமாந்த முகத்தோடு எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

மாமியார் மட்டும் அடுத்த மாதம் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. வீட்டில் ஒரு குறையும் இல்லை. மருமகளுக்குத் தட்டில் எடுத்து வைத்து, “சாப்பிடும்மா, இளைச்சுட்ட” என்பார். ஆனால் இங்கே வந்தால் கை வேறு பக்கம் நீளும். “ஊரே கை நீட்டுது, வீட்டுக் கை நீட்ட மாட்டேங்குது” என்று ஒருநாள் குழாய்களை அடுக்கிக்கொண்டே சொன்ன அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

போன வாரம் மாமியார், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணோடு வந்தார். உள்ளே நுழையும்போதே கதை ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு குத்தா, ரெண்டு குத்தா? மூணு! நான் போட்ட சத்தத்துல வாசல்ல நின்ன பூனை ஓடிப்போச்சுன்னா பாரு!” பூனை புதுச் சேர்க்கை. வழுக்கைத்தலைக்காரர் தன் நாற்காலியைத் துடைத்துவிட்டு வாங்க என்று தலையசைத்தார். அக்கா முதல் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து ஒரு சீட்டை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் கதையை நிறுத்தவில்லை. “அப்புறம் கேளு, அந்த மூணாவது குத்து இருக்கே...” என்று அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துப் பேசியபடி நேராக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல், கையை மருமகளின் மடியில் வைத்தார்.