பென்டிரைவில் மலையேறிய கருவி

ஏற்காட்டில் எங்கள் அலுவலகம் மாடியில் ஒரே அறை. விடுதி முன்பதிவுத் தளம் ஒன்றை நானும், எனக்கு மூத்தவரான ஓர் அக்காவும் கவனித்துக்கொள்கிறோம். மலையில் இணையம் மந்தம்; பெரிய கோப்பு எதுவும் ஒழுங்காக இறங்காது. சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்காதான் வேண்டியதை வீட்டிலேயே இறக்கி பென்டிரைவில் கொண்டுவருவார்.

அப்படி வந்த ஒன்றுதான் அந்த மென்பொருள் கருவி. தளத்தைப் புதுப்பிக்கும்போது டெம்ப்ளேட் எனும் மாதிரிப் பக்கங்களில் முகவரி, கடவுச்சொல் எல்லாவற்றையும் நிரப்புவது அது. விடுதிக்காரர்கள் அத்தனை பேருடைய கடவுச்சொல்லையும் அது பார்க்கும். ஆனால் தளத்தைக் கட்டித் தரும் எங்கள் பில்டு அமைப்பில் அதற்கென்று இருந்தது ஒரே வரி: இருப்பதை எடுத்து நிறுவு. எது, யார் கொடுத்தது என்ற கேள்வியே கிடையாது.

வெள்ளிக்கிழமை. சாயங்காலச் சுற்றுலாக் கூட்டம் மலையேறும் முன் புதுப்பித்த தளம் இணையத்தில் ஏற வேண்டும். நான் அந்த வரியை மாற்றினேன். கருவியின் பதிப்பையும், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குறியையும் சேர்த்தேன். குறி, கருவியை உருவாக்கியவர்களின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது. பில்டு நின்றுவிட்டது. குறி பொருந்தவில்லை.

"அக்கா, பென்டிரைவ் வேற யாருகிட்டயாவது போச்சுங்களா?"

"எங்கூட்டுக்காரரு பாட்டு ஏத்திக்கிட்டாரு. ஏன் கண்ணு, அவரு பாட்டுக் கேட்டா சர்வர் கெட்டுப்போயிருமா?"

"எங்கெங்க செருகினாருங்க?"

"கார்ல. வேணும்னா காரையும் கூட்டியாரட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. அக்கா எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார்.

"இது சுருக்கிக் கட்டின ஜிப்பு கோப்புக்கான குறி. நான் ஜிப்பைப் பிரிச்சு, உள்ள இருக்கறதை மட்டும் கொண்டாந்தேன். எப்புடிப் பொருந்தும்?"

"அந்த ஜிப் எங்கீங்க்கா?"

"அப்பவே அழிச்சுட்டேன்."

சொன்னது நியாயம்தான். ஆனால் நிரூபிக்க ஒன்றுமில்லை. என் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து அதன் வழியாக ஜிப்பை இறக்கினேன். பனிமூட்டம் வந்ததும் பாதியில் அறுந்தது, மறுபடி தொடங்கினேன். ஒருவழியாக இறங்கியது. குறி பொருந்தியது. பிரித்து உள்ளே இருந்ததை அக்காவின் கோப்போடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றே.

இனி ஜிப்பையே வைப்பது, குறி தவறினால் நிறுவாமல் நிற்பது என்று எழுதி முடித்தேன். அக்கா படித்தார்.

"நான் கொண்டாந்தாலும் நிக்கும்?"

"நிக்குமுங்க."

"சரி. ஜிப்பு உன்ற போன் வழியா வந்துச்சு. அந்தக் குறியை எதுல பார்த்த?"

எனக்குச் சுருக்கென்றது. அதுவும் அதே போன் வழியாகத்தான் வந்தது; வழியில் யாராவது ஜிப்பை மாற்றியிருந்தால் குறியையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம்.

அக்கா தன் போனில், வேறு சிம்மில், அந்தப் பக்கத்தைத் திறந்தார். அவர் குறியை எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே தப்பாக வாசித்தார். "இல்லீங்க்கா, ஏழு" என்றேன்.

"நொம்ப நல்லது. முழிச்சுட்டுத்தான் இருக்கற" என்று சொல்லிவிட்டுக் கடைசி எழுத்துவரை வாசித்தார். அதற்குப் பிறகே தளத்தை ஏற்றும் பொத்தானை அழுத்தினேன்.