கரண்ட் இல்லாத பகலில் ரீலிங்

நடந்தவை வரிசைப்படி:

1. மழை பெய்யவில்லை. அணைகளில் தண்ணீர் இறங்கியது.
2. மின்வெட்டு வந்தது. பகலில் மில்லுக்குக் கரண்ட் கிடையாது, இரவில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.
3. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் முன்பே இருந்தது.
4. அதனால் எங்கள் மில்லில் ரீலிங் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனியே பார்த்தால் சரியானவைதான். எங்கள் கேட்டுக்குள் அவை சந்தித்துக்கொண்டன.

அருப்புக்கோட்டைக்கு வெளியே உள்ள ஸ்பின்னிங் மில் அது. மதுரையில் டிப்ளமா முடித்து, டெஸ்டிங் லேபில் சேர்ந்து இரண்டாம் வருஷம் எனக்கு. நூலின் கவுன்ட், அதாவது பருமன், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ரீலிங் என்பது நூலைக் கைத்தறிக்காரர்களுக்கு ஏற்றபடி சிட்டமாகச் சுற்றுவது. அதைப் பெண்களே செய்தார்கள்.

இரவில் ஆண்கள் நூற்ற நூல் சுற்ற ஆளில்லாமல் கூடை கூடையாகத் தேங்கியது. மாதாமாதம் இவ்வளவு சிட்டம் கைத்தறிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. மானேஜர் ஒரு நாளைக்கு நான்கு முறை லேபுக்கு வந்து போனார். நானும் வெறிச்சோடிய ரீலிங் ஹாலுக்கும் லேபுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை.

லேபில் நூல் அளக்கும் சின்ன ரீல் ஒன்று உண்டு. அதைக் கையால்தான் சுற்ற வேண்டும். கரண்ட் போனாலும் என் வேலை நிற்காதது அதனால்தான். பெரிய ரீல்களின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி மாட்டினால் பகலில் பெண்களே ஓட்டலாம் என்று மானேஜரிடம் சொன்னேன். அவர் உடனே ஃபிட்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

கைப்பிடி

ஒவ்வொரு ரீலின் அச்சும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருந்தது. மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் தனிக் கைப்பிடி செய்து, கேட்டுப் பலகையில் தொங்கும் பெர்மனென்ட் பெண்ணின் டோக்கன் நம்பரை அதில் வெட்டினார்; டோக்கன் இல்லாத சின்னப் பெண்கள் அவர்களோடு மாறி மாறிச் சுற்றினார்கள். தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஆபீஸ் சொன்னது. அதனால் வேலை முடிந்ததும் பெர்மனென்ட் பெண்கள் அதைக் கழற்றித் தூக்குவாளியோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

“இனிமே மில்லுக்கு நீங்கதேன் கரண்டு” என்று மேஸ்திரி சிரித்தார்.

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. பாலவனத்தத்திலிருந்து ரீலிங்குக்கு வருகிற பெர்மனென்ட் ஆள் அவர். அவர்கள் நிலத்தில் அந்த வருஷம் விதைக்கவே இல்லை. வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி. மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் இருந்ததால் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருந்து கிடைத்தது. மரியபுஷ்பம் என்னிடம் வந்து கேட்டார்:

“லேபம்மா, சுத்துறதப் பத்தி ஒண்ணுமில்ல, சுத்திருவோம். மஸ்டர்ல பேரு நிக்குமா? அதச் சொல்லுங்க.”

நிற்கும் என்றேன். வேறு மாதிரி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெண்களுக்குத் தோள் வலித்தது, உள்ளங்கை கொப்பளித்தது. ஆனால் சிட்டம் போய்ச் சேர்ந்தது.

பாளையம்பட்டி ஷெட்

இரண்டு மாதத்தில் மானேஜர் வேறொரு கணக்குக்கு வந்துவிட்டார். கரண்ட் இல்லாமல், இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் சட்டப்படி ஃபேக்டரி ஆகாது. எங்கள் ரீலிங் பெண்கள் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கினார்கள். மஸ்டர் வேண்டாம், ஈ.எஸ்.ஐ. வேண்டாம், சிட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீல்கள் லோடு ஏறிப் பாளையம்பட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை காலை எல்லாரும் ஷெட்டுக்குப் போங்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். பாதிப் பேர் கேட்டிலேயே நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் பெர்மனென்ட் ஆட்கள். மானேஜர் வெளியே வந்தார்.

“ரீலெல்லாம் அங்க போயிருச்சு. இங்க நின்னு என்ன செய்யப் போறீக?”

“ரீலு போயிருச்சு சார். கைப்பிடி எங்ககிட்டல்ல இருக்கு” என்றார் மரியபுஷ்பம்.

“மில் சாமான வீட்டுக்குக் கொண்டுபோறது திருட்டு, தெரியுமா?”

“தொலைச்சா சம்பளத்துல பிடிப்போம்னு நீங்கதேன சொன்னீக. தலைமாட்டுல வச்சுப் படுத்தோம்.”

“சரி, குடுத்துட்டுப் போ.”

“எங்க டோக்கன் எங்க தொங்குதோ அங்கதேன் கைப்பிடியும் மாட்டும் சார். டோக்கன் இங்க இருக்கு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மானேஜர் என்னைப் பார்த்தார். ஷெட்டுக்கு நான் பொறுப்பெடுத்தால் சம்பளம் கூட்டுவதாக முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அந்தப் பெண்கள் முன்னாலேயே, முடியாது சார் என்றேன்.

புதிய கைப்பிடிக்கு அச்சை மறுபடி அளக்க வேண்டும். மேஸ்திரி அன்றைக்கே காய்ச்சல் என்று லீவு போட்டார். என்ன காய்ச்சல் என்று நான் விசாரிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கியது, சிட்டம் போகவில்லை. யூனியன் ஆட்களும் ஆபீஸில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வாரமே பாதி ரீல்கள் மில்லுக்குத் திரும்பின.

பாதிதான். பெர்மனென்ட் ஆகாத சின்னப் பெண்கள் திங்கட்கிழமையே ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு இழக்க மஸ்டரில் பேரும் இல்லை, காத்திருக்க வீட்டில் அரிசியும் இல்லை. மேஸ்திரி காய்ச்சல் தீர்ந்து வந்ததும் அங்கிருந்த ரீல்களுக்கும் கைப்பிடி செய்து கொடுத்தார்.

வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது யார் என்னிடம் யோசனை கேட்டாலும், யார் யார் மஸ்டரில் இருப்பார்கள் என்று முதலில் கேட்கிறேன், மெஷினைப் பற்றி அதற்குப் பிறகுதான். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை.

இன்றைய நிலை இது. கரண்ட் பகலிலும் வருகிறது. மில் ரீல்களுக்கு மோட்டார் பெல்ட் மறுபடி மாட்டியாயிற்று. மரியபுஷ்பம் மஸ்டரில் இருக்கிறார். பாளையம்பட்டி ஷெட் மூடப்படவில்லை, அங்கே இன்னும் கையால்தான் சுற்றுகிறார்கள். மில் ரீலிங்குக்குப் புதிதாக ஆள் எடுப்பதில்லை.